காதைப் பிடிச்சுக்கோ

ஆம்ப்ரோஸ் கெய்ன்ஸுக்கு வாய் ஓயாது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிற வேலை. ஏறுகிற பிள்ளைக்கு ஒரு கதை, இறங்குகிற பிள்ளைக்கு ஒரு கதை. ஞாயிற்றுக்கிழமை போதகர் கண்ணை மூடி ஜெபிக்கச் சொன்னால் சபை முழுக்கக் கண்ணை மூடும், இவர் மட்டும் பக்கத்து ஆளிடம் பருத்தி இந்த வருஷம் எப்படி என்று விசாரித்துக்கொண்டிருப்பார். அப்பேர்ப்பட்ட மனிதர் மாநிலத் தலைநகரான ஜாக்சனுக்குப் போய், ஒரு பெரிய கூடத்தில், அரை நாள் முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று வந்தது. பேசினால் அவர் மனைவிக்கு லைசென்ஸ் கிடையாது.

மனைவி பெயர் ஓஸெல்லா. ஜாக்சனுக்கு வடக்கே, பருத்தி விளைகிற டெல்டாவில், அவர்கள் ஊர்ப் பெண்களில் பாதிப் பேருடைய தலை முப்பது வருஷமாக அவள் சமையலறையில்தான் சீரானது. சனிக்கிழமை விடிந்தால் பின்வாசல் கதவைச் சாத்த முடியாது. அடுப்பில் ஒரு பக்கம் சோளக்கஞ்சி கொதிக்கும், இன்னொரு பக்கம் இரும்புச் சீப்பு காயும். காய்ந்த சீப்பைப் பழந்துணியில் ஒற்றிப் பார்ப்பாள். துணி கருகினால் கொஞ்சம் ஆறவிடுவாள். பிறகு சுருட்டை முடிக்கு எண்ணெய் பூசி, வேரிலிருந்து நுனி வரை ஒரே இழுப்பில் நீட்டிவிடுவாள். காதோரம் வரும்போது மட்டும் குரல் கொடுப்பாள், "காதைப் பிடிச்சுக்கோ" என்று.

பிடித்தாலும் சில சமயம் சுட்டுவிடும். சுட்டால் உட்கார்ந்திருப்பவள் பல்லைக் கடித்துக்கொள்வாளே தவிர வாயைத் திறக்க மாட்டாள். அது மரியாதை. சீப்புப் பிடித்தவளும் சுட்டுவிட்டேன் என்று சொல்ல மாட்டாள். "எண்ணெயோட ஆவிதான், ஒண்ணுமில்ல" என்பாள் ஓஸெல்லா. அவள் அம்மா அதையே சொன்னாள், அத்தைகள் அதையே சொன்னார்கள், ஊரில் சூட்டுச் சீப்புப் பிடித்த அத்தனை பேரும் அதையேதான் சொன்னார்கள். சுட்டது சீப்பு இல்லை, ஆவி. ஆவியும் இல்லையென்றால், நீ ஆடினாய். இதை யாரும் பொய் என்று நினைத்ததில்லை. அடுப்படிப் பேச்சு அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

மகள் லவீனாவின் இடது காது நுனியில் அரிசி அளவு ஒரு தழும்பு. ஈஸ்டருக்கு முந்தின நாள், ஒன்பது வயதில் வாங்கியது. இப்போது அவள் வளர்ந்து, மெம்ஃபிஸில் நர்ஸாக இருக்கிறாள். ஊருக்கு வந்தால் சாப்பாட்டு மேசையில் அந்தப் பேச்சு வராமல் இருக்காது. ஆவிக்கு இவ்வளவு கூரான பல்லா என்று கேட்பாள் மகள். நீ ஆடினாய் என்பாள் அம்மா. அப்பாவைச் சாட்சிக்கு இழுத்தால், ஊரெல்லாம் பேசுகிற அந்த மனிதர் அப்போது மட்டும் சுருக்கமாக, "நான் அன்னிக்கு ஊர்ல இல்ல" என்று சொல்லிவிட்டுக் கோழிக்காலைக் கடிப்பார். உண்மையில் அன்றைக்கு அதே மேசையில்தான் உட்கார்ந்திருந்தார்.

அந்தச் சமையலறைக் கடைக்குத்தான் ஒரு நாள் முடிவு வந்தது. யாரோ மேலே எழுதிப்போட்டுவிட்டார்கள். மாநில அழகுக்கலை வாரியத்திலிருந்து ஒரு அம்மாள் வந்தாள், மரியாதையாகத்தான் பேசினாள், ஒரு துண்டு கேக்கும் சாப்பிட்டாள். லைசென்ஸ் இல்லாமல் காசு வாங்கிக்கொண்டு இன்னொருத்தி தலையில் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாள். திரையைப் போட்டுவிட்டு வேலையைப் பார் என்று ஊரில் எல்லாரும் ஓஸெல்லாவுக்கு யோசனை சொன்னார்கள். அவள் கேட்டுக்கொண்டாள். அடுத்த திங்கட்கிழமை, ஐம்பத்தொரு வயதில், மிஸ் பெட்டிஃபோர்டின் அழகுக்கலைப் பள்ளியில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

ஆம்ப்ரோஸுக்கு அன்றைக்கு ஏற்பட்ட பெருமை இருக்கிறதே, பேருந்தில் ஏறிய பிள்ளைகளுக்கெல்லாம் அன்று அதுதான் கதை. பிரதான வீதியில் ஜெரால்டின் என்பவளுக்கு ஒரு சலூன் இருந்தது. அதில் கண்ணாடிக்கு முன்னால் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. லைசென்ஸோடு வந்தால் அந்த நாற்காலி உனக்கு என்று ஓஸெல்லாவிடம் சொல்லியிருந்தாள். அடுத்த ஈஸ்டர் வரைக்கும்தான் காத்திருப்பேன், அதற்குப் பிறகு கிரீன்வில்லிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிற பெண்ணுக்குக் கொடுத்துவிடுவேன் என்றும் சொல்லியிருந்தாள். ஓஸெல்லாவுக்குச் சொந்தமாக ஒரு நாற்காலி வேண்டும். தன் பெயர் எழுதிய லைசென்ஸ் கண்ணாடியில் தொங்க வேண்டும். முப்பது வருஷம் அடுப்படியில் நின்றவள் கேட்டது அவ்வளவுதான்.

பள்ளியில் ஆயிரத்து ஐந்நூறு மணி நேரம் கணக்குக் காட்ட வேண்டும். கூடப் படித்த பெண்கள் லவீனாவைவிடச் சின்னவர்கள். முடியைப் பற்றி ஓஸெல்லாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனால் மண்டையோட்டில் எத்தனை எலும்பு, தோலுக்கு எத்தனை அடுக்கு, எந்த மருந்து அமிலம், எது காரம் என்றெல்லாம் கேட்டால் அவளுக்குத் தலை சுற்றியது. ஆம்ப்ரோஸ் கேள்வி கேட்கிற வாத்தியார் ஆனார். எலும்புகளின் பெயரெல்லாம் அவருக்கே பாடமாகிப் போய், பேருந்தில் சண்டை போட்ட பையன்களை நெற்றி எலும்பைப் பெயர்த்துவிடுவேன் என்று பெயர் சொல்லி மிரட்டினார்.

அது மட்டுமா, பழகுவதற்குத் தலையும் அவர்தான். ஓஸெல்லா கேட்டதும் முடி வளர்க்க ஆரம்பித்துவிட்டார். இருபது வயதில் வைத்திருந்த பந்துபோன்ற முடி ஐம்பத்துநாலு வயதில் திரும்பி வந்தது, இந்தத் தடவை நரைத்துப்போய். சாயங்காலமானால் தலை நிறைய முடி சுருட்டுகிற ரோலரோடு வாசலில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவருக்கெல்லாம் கை காட்டுவார். முகத்துக்குக் களிம்பு, கைக்கு மசாஜ், நகத்துக்குப் பூச்சு, எல்லாம் நடந்தது. சபை ஊழியரான டீக்கன் வார்ட்லோ ஒரு நாள் தேவாலய வாசலில் வைத்து அவர் கையைப் பிடித்து நகப்பூச்சைப் பார்த்துவிட்டு, "பிரதர், பொண்ணு பாக்க வர்றாங்களா?" என்று கேட்டார். ஆம்ப்ரோஸ் அசரவில்லை. "வந்தா உன் வீட்டுப் பக்கம் அனுப்ப மாட்டேன்" என்றார்.

எழுத்துப் பரீட்சையில் ஓஸெல்லா முதல் தடவையே தேறிவிட்டாள். செய்முறைப் பரீட்சைதான் காலை வாரியது.

அந்தக் காலத்தில் செய்முறைக்கு ஆளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். பொம்மைத் தலையெல்லாம் பிறகு வந்தது. முதல் தடவை அண்ணன் மகள் ட்ரீவாவைக் கூட்டிக்கொண்டு போனாள். வேலையில் ஒரு குறை இல்லை. ஆனால் கொண்டை போடும்போது ஹேர்பின்னை வாயில் வைத்துப் பல்லால் விரித்தாள். முப்பது வருஷமாக அவள் ஹேர்பின் விரிப்பது பல்லால்தான். இரண்டு கையும் முடியில் இருக்கும்போது மூன்றாவது கைக்கு எங்கே போவது? பரீட்சை நடத்துகிறவர்களுக்கு அதெல்லாம் கணக்கில்லை. கொண்டை அழகாக இருக்கிறதா என்று அவர்கள் பார்ப்பதே இல்லை. ஒருத்தி எச்சில் இன்னொருத்தி தலைக்குப் போகிறதா, கீழே விழுந்த சீப்பு மறுபடி மேலே வருகிறதா, இதைத்தான் பார்ப்பார்கள். ஒரு பின் இரண்டு பின் அல்ல, அத்தனையும் அவள் வாய் வழியாகத்தான் போயிருந்தது. தோற்றுவிட்டாள்.

வீட்டுக்கு வந்து காரைவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். ஆம்ப்ரோஸ் கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவளுடைய வெள்ளைச் சீருடையில் ஒரு கறைகூட இல்லாததைப் பார்த்ததும் அவருக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் அவர் ஒரு காரியம் செய்தார். அவளிடம் சொல்லாமல், வீட்டிலிருந்த ஹேர்பின் அத்தனையையும் மிளகாய்ச் சாற்றில் ஊறவைத்துக் காயவைத்துவிட்டார். அன்று சாயங்காலம் ஓஸெல்லாவின் உதடு வீங்கியது. அந்த வாரம் அவருக்குச் சோறு மேசையில் வந்தது, பேச்சு வரவில்லை. ஆனால் வாரக் கடைசியில் பார்த்தால், பின்னை எடுத்த கை வாய் வரைக்கும் போய், நின்று, திரும்பி வந்தது. அவள் கட்டைவிரல் நகத்தால் விரிக்கப் பழகிவிட்டாள்.

இரண்டாவது பரீட்சைக்கு மார்ச்சில் தேதி கிடைத்தது. ஈஸ்டருக்கு முன்னால் இனி வேறு தேதி இல்லை. இதில் தவறினால் நாற்காலி போய்விடும். ட்ரீவாவோ வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டாள். வேறு யார் இருக்கிறார்கள்? முடி இருக்கிறது, பழக்கம் இருக்கிறது, கூப்பிட்டால் வருவார்.

"நீ ஒரே ஒரு வார்த்தை பேசினேன்னு வை, என்னையும் சேத்து வெளிய அனுப்பிருவாங்க. கண்ணு காட்டக் கூடாது, தலையாட்டக் கூடாது. உன்னால முடியுமா ஆம்ப்ரோஸ்?"

"கல்யாணத்தன்னிக்கு உங்கப்பா ஒரு மணி நேரம் புத்தி சொன்னாரே, வாயத் தொறந்தேனா?"

"தூங்கிட்ட நீ" என்றாள் ஓஸெல்லா.

ஜாக்சனில் அந்தக் கூடம் ஆஸ்பத்திரிபோல் சுத்தமாக இருந்தது. வரிசையாக நாற்காலிகள், நாற்காலிக்கு ஒரு கண்ணாடி, எல்லார் மேலும் வெள்ளை உடை. மாதிரியாக உட்கார்ந்தவர்களில் ஆண் இவர் ஒருத்தர்தான். ஓஸெல்லா பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். சுத்தமானது ஒரு பக்கம், அழுக்கானதுக்கு ஒரு பை, குப்பைக்கு ஒரு பை, எல்லாவற்றின் மேலும் பெயர் எழுதி ஒட்டியிருந்தது. கத்தரிக்கோல்கூட இரண்டு கொண்டுவந்திருந்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து அவர் கழுத்தில் துணியைக் கட்டியபோது அவள் விரல் சில்லென்று இருந்தது.

முகத்துக்குக் களிம்பு போட்டாள், துடைத்தாள். நகம் முடிந்தது. ரோலர் சுற்றினாள், அவிழ்த்தாள். ஆம்ப்ரோஸ் கல்லுப்பிள்ளையாராக உட்கார்ந்திருந்தார். உள்ளே மட்டும் பேச்சு ஓடிக்கொண்டே இருந்தது. இவள் கையைப் பார், ஒரு அசைவு வீணாகிறதா பார், இப்படி ஒரு பெண் எனக்கு எப்படிக் கிடைத்தாள் என்று பக்கத்து நாற்காலிக்காரியிடம் சொல்லிவிடத் துடித்தார். நாக்கைக் கடித்துக்கொண்டார்.

முடி வெட்டுகிற பகுதி வந்தது. கிளிப் போட்டு முடியைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டு, காதோரம் வெட்ட ஆரம்பித்தாள். அப்போதுதான் அவருக்கு அந்தச் சந்தேகம் வந்து தொலைத்தது. எடுத்த கிளிப் எங்கே? மேசையில் காணோமே, வாயில் வைத்துக்கொண்டாளா? கண்ணாடியில் அவள் முகம் தெரியவில்லை, அவருடைய முடியே மறைத்தது. எட்டிப் பார்க்கலாம் என்று ஒரு நூல் அளவு தலையைத் திருப்பினார்.

கத்தரிக்கோல் காது நுனியைக் கடித்தது.

கிளிப் அவள் சட்டைப்பையின் ஓரத்திலும் இல்லை, வாயிலும் இல்லை. அழுக்குப் பையில் ஒழுங்காகக் கிடந்தது. அது பிறகு தெரிந்தது. அந்த நொடியில் அவருக்குத் தெரிந்ததெல்லாம், சூடாக ஏதோ காதிலிருந்து இறங்குகிறது என்பதுதான். அக்கா தங்கைகளோடு வளர்ந்தவர். இப்படிப்பட்ட நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பல்லைக் கடித்தார். கழுத்து அரிப்பதுபோலத் தலையைச் சாய்த்து, காதைத் தோளோடு ஒட்டிக்கொண்டார். ரத்தம் துணியின் மடிப்புக்குள் போய் ஒளிந்துகொண்டது. பரீட்சை நடத்துகிற பெண் நாலு நாற்காலி தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு எதையோ குறித்துக்கொண்டிருந்தாள். யாரும் பார்க்கவில்லை. வெட்டு ஓஸெல்லா, வெட்டிக்கொண்டே போ என்று மனசுக்குள் கெஞ்சினார்.

அவள் கை நின்றது. கண்ணாடியில் அவளைப் பார்க்க முடிந்தது இப்போது. பரீட்சை நடத்துகிறவளின் முதுகைப் பார்த்தாள், அவர் தோளைப் பார்த்தாள். மூச்சு விடுகிற நேரம்தான். ஆம்ப்ரோஸ் தோளை இன்னும் உயர்த்தினார். அவள் ஒரு விரலை அவர் தாடையில் வைத்து, குழந்தையின் தலையை நிமிர்த்துவதுபோல மெல்ல நிமிர்த்தினாள். கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். கையை உயர்த்தினாள்.

"நான் இவரக் காதுல வெட்டிட்டேன். ரத்தம் வருது" என்றாள், கூடத்தில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

அந்தப் பெண் வந்து நின்றாள். உதவி செய்யவில்லை, பார்த்துக் குறித்துக்கொண்டாள். ஓஸெல்லா கையுறை போட்டாள். காதைத் துடைத்தாள், மருந்து வைத்தாள், பிளாஸ்திரி ஒட்டினாள். ரத்தம் பட்ட பஞ்சு, கையுறை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, அந்தப் பையை இன்னொரு பையில் போட்டு மூடினாள். வெட்டிய கத்தரிக்கோல் அழுக்குப் பைக்குப் போனது. துணியை மாற்றினாள், கையை மறுபடி கழுவினாள், இரண்டாவது கத்தரிக்கோலை எடுத்தாள். மற்றவர்கள் முடித்து எழுந்துவிட்டார்கள். நேரம் முடிந்தது என்று குரல் வந்தபோது அவள் கடைசி முடியை வெட்டிக்கொண்டிருந்தாள். எல்லாம் போயிற்று என்று ஆம்ப்ரோஸ் நினைத்தார். தன்னால்தான் போயிற்று என்று நினைத்தார்.

வழியில் ஒரு கடையில் பொரித்த கெளுத்தி வாங்கிக் காரிலேயே வைத்துச் சாப்பிட்டார்கள். அவர் பேசவே இல்லை. கடைசியில் அவளே, வாயைத் திறக்கலாம், பரீட்சை முடிந்துவிட்டது என்றாள்.

"ஏன் சொன்ன? அந்தம்மா பாக்கவே இல்லையே. நான் மறச்சுட்டேன்ல."

"பாக்கலைன்னா வெட்டலைன்னு ஆயிடுமா? நான் மூடி மறச்சு, பின்னால அவ பாத்திருந்தா, அதோட என் கத முடிஞ்சுது. வெட்டினா சொல்லணும், சொல்லிட்டு மருந்து போடணும். அதான் பாடம். நீ எலும்பு மட்டும்தானே கேட்ட." கொஞ்சம் பொறுத்து, "நீ ஏன் ஆடின?" என்று கேட்டாள்.

அவர் கிளிப் விஷயத்தைச் சொன்னார். வாயில் வைத்திருக்கிறாளா என்று பார்க்கத்தான் திரும்பினேன் என்றார். ஓஸெல்லா மீனைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் ஒரு கட்டத்தில் சிரிப்பை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வீடு வரும் வரைக்கும் அப்படித்தான் வந்தாள். ஏதோ பழைய கணக்கு மனசில் ஓடுகிறது என்று அவருக்குப் புரிந்தது, என்ன என்று கேட்கவில்லை.

ஈஸ்டருக்குச் சில நாள் இருக்கும்போது மிஸ் பெட்டிஃபோர்ட் போன் செய்தாள். ஆம்ப்ரோஸ்தான் எடுத்தார். தேறிவிட்டாள், அதுவும் நல்ல மதிப்பெண், சுத்தத்துக்கும் பாதுகாப்புக்கும் ஒரு புள்ளிகூடக் குறையவில்லை என்றாள். ஆம்ப்ரோஸ் பரீட்சை முடிந்தும் விட மனசில்லாத ரோலர் தலையோடு தெருவுக்கு ஓடிப்போய் டீக்கன் வார்ட்லோவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை ஜெரால்டினின் சலூனில் நிற்க இடமில்லை. ஓஸெல்லாவின் சமையலறைக் கூட்டம் அத்தனையும் அங்கே வந்திருந்தது. கண்ணாடியின் மூலையில் அவளுடைய லைசென்ஸ், படத்தில் கொஞ்சம் முறைத்துக்கொண்டிருந்தாள். சுவரோரம் ஆம்ப்ரோஸ் உட்கார்ந்து, வந்தவர்களுக்கெல்லாம் காதுத் தழும்பைக் காட்டிக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். லவீனா மெம்ஃபிஸிலிருந்து வந்திருந்தாள். அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ஓஸெல்லா சூட்டுச் சீப்பை எடுத்தாள். "காதைப் பிடிச்சுக்கோ" என்றாள். லவீனா பிடித்துக்கொண்டாள். விரல்களுக்கு நடுவில் அந்த அரிசித் தழும்பு தெரிந்தது. ஓஸெல்லா சீப்பை அதன் தாங்கியில் திரும்ப வைத்துவிட்டாள்.

"லவீனா, இது ஆவியில வந்ததில்ல. நீ ஆடவும் இல்ல. நான் பேச்சு சுவாரசியத்துல சீப்ப ஓட்டிட்டேன். நான்தான் சுட்டேன்."

லவீனா கண்ணாடியில் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிண்டலாக ஏதாவது சொல்லப்போகிறாள் என்று ஆம்ப்ரோஸ் நினைத்தார்.

"எனக்கு ஒம்பது வயசும்மா. நான்தான் ஆடிட்டேன்னு நெனச்சேன். அதுக்கப்புறம் உன் முன்னால உக்காரும்போதெல்லாம் மூச்சே விடாம உக்காந்திருக்கேன்."

ஓஸெல்லா மகளின் தலைமேல் கையை வைத்து அப்படியே நின்றாள். ஆம்ப்ரோஸ் எழுந்து நின்றார். "நான் அன்னிக்கு ஊர்லதான் இருந்தேன்" என்றார்.

முடி காயவைக்கிற டிரையருக்குக் கீழே உட்கார்ந்திருந்த சபைக்காரி சிஸ்டர் மேபெர்ரி அதன் கூண்டைத் தூக்கித் தலையை வெளியே நீட்டினாள். "ஓஸெல்லா, அப்ப என் பின்கழுத்துல இருக்கறது?"

"அதும் நான்தான்."

"என் நெத்தியில?" என்றாள் கதவோரம் இருந்தவள்.

"நான்தான்."

இப்படியே சலூன் முழுக்க ஒரு சுற்று வந்தது. சிலர் காலர்களை இறக்கிக் காட்டினார்கள், ஜெரால்டினே ஒரு காதைக் காட்டினாள். ஒன்றைத் தவிர ஓஸெல்லா எதையும் மறுக்கவில்லை. சிஸ்டர் மேபெர்ரிக்கு மட்டும் கழுத்தில் இரண்டு இருந்தன, இரண்டாவது தன் கைவேலை இல்லை என்று ஓஸெல்லா அடித்துச் சொன்னாள். யாரும் எழுந்து போகவில்லை.

சிரிப்பெல்லாம் ஓய்ந்த பிறகு அவள் சீப்பை மறுபடி சூடாக்கி, துணியில் ஒற்றிப் பார்த்தாள். மகளின் காதோரம் வந்தாள். "பிடிச்சுக்கோ" என்றாள்.

லவீனா காதிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.